விக்கிபீடியா: ஆதாரமில்லா வரிகளைச் சரி செய்வது எப்படி?

சென்ற மாதம் என் அக்கா மகன் மும்பையிலிருந்து வந்திருந்தான். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். "மாமா, இன்டர்வியூவில் என் முகவரியைப் பார்த்ததும் 'அந்த ஏரியா பற்றி நெட்டில் படித்தேனே' என்று சிரித்தார்கள்" என்றான்.

இருவரும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து தேடினோம். பல தளங்களில் ஒரே வரிகள்: ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப் பகுதி, பத்து லட்சம் பேர், குற்றங்கள் மலிந்த இடம். ஆதாரம் மட்டும் இல்லை.

இத்தகைய வரிகளை விக்கிபீடியாவில் கண்டால் நீங்களே திருத்தலாம். ஆனால் கோபத்தில் அழித்தால், வேறொருவர் பழையபடி மாற்றிவிடுவார். "நான் அங்கேதான் வசிக்கிறேன்" என்பதும் அங்கே சான்றாகாது. நம்பகமான, அச்சிலோ இணையத்திலோ வெளியான ஆதாரம் வேண்டும். வழிகளைப் பார்ப்போமா?

1. "வரலாற்றைக் காட்டவும்" டேப்பில் கிளிக் செய்து, அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். நீங்கள் சான்றாகக் காட்ட நினைக்கும் செய்தி அதற்குப் பின் வந்ததா? அந்த நிருபரே விக்கிபீடியாவைப் பார்த்து எழுதியிருக்கலாம். அப்படியானால் அது சான்றே அல்ல.

2. சான்றில்லாத வரியில் "மேற்கோள் தேவை" என்ற குறிப்பைச் சேருங்கள். "உரையாடல்" பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

3. எண்களைச் சொன்னவர் பெயருடனும் ஆண்டுடனும் தாருங்கள். தாராவியின் மக்கள்தொகைக்கு மூன்று லட்சம் முதல் பத்து லட்சம் வரை மதிப்பீடுகள் உண்டு. எல்லையை எங்கே வைக்கிறோம், வாடகைக்கு இருப்போரைச் சேர்க்கிறோமா என்பதைப் பொறுத்து எண் மாறும்.

4. புத்தகங்களைத் தேடுங்கள். கல்பனா சர்மா எழுதி 2000இல் வெளியான 'ரீடிஸ்கவரிங் தாராவி' நல்ல தொடக்கம். தோல் பதனிட வந்த தமிழர்கள், கும்பார்வாடாவில் மண்பாண்டம் செய்யும் குஜராத்திக் குடும்பங்கள் என்று உழைப்பின் வரலாறும் கட்டுரையில் இடம்பெற வேண்டும்.

5. சான்றாகக் காட்டிய வலைப்பக்கம் திறக்கவில்லையா? வேபேக் மெஷின் தளத்தில் அதன் முகவரியைக் கொடுங்கள். பழைய நகல் கிடைக்கலாம்.

நாங்கள் ஒரு பத்தியை முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பார்த்தோம். கழிப்பறைப் பற்றாக்குறை, நெரிசல் பற்றிய வரிகளை எடுத்துவிடலாம் என்றான் மருமகன். "சான்று இருக்கிறதே, நமக்குப் பிடிக்காததும் இருக்கட்டும்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "சரி மாமா, ஆனால் எந்த வருடத்துக் கணக்கு என்று போடுங்கள்" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. இரண்டு மணி நேரத்தில் நாங்கள் சேர்த்தது நான்கே வரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. உங்கள் பகுதியைப் பற்றிய கட்டுரையையும் இன்றே திறந்து பாருங்கள்.