உங்களுக்குத் தெரியுமா? நாரதர் வந்த பிறகே முருகன்!

புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ இசை நாடகத்தில், முருகன் எடுத்த எடுப்பில் மேடையேறுவதில்லை. முதலில் பபூன், பிறகு நாரதர். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் தர்க்கம் பண்ணி, முருகன் பெருமையைப் பாடியே சாமியை நம் மனசுக்குள் இறக்கிவிடுவார் நாரதர். அப்புறம்தான், மானைத் தேடிவரும் வேடனாக முருகன்! 2019இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குக்கு வந்த ‘ஹேட்ஸ்டவுன்’ இசை நாடகத்திலும் கிரேக்கத் தூதுக் கடவுள் ஹெர்மிஸ்தான் தொடக்கப் பாட்டிலேயே மற்ற தெய்வங்களை அறிமுகப்படுத்துகிறார்.

ஆனால் பிராட்வே போல அல்லாமல், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை ஆடும் நம் கலைஞர்கள் ஒத்திகை பார்ப்பதே இல்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஆர்மோனியச் சுருதியைப் பிடித்துக்கொண்டு, மேடையிலேயே தர்க்கத்தை வளர்க்கிறார்கள். எப்பேர்ப்பட்ட வித்தை!