வாயுவைக் கொண்டு எண்ணெய் எடுக்கும் முறை

நுவரெலியாவில் பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும் என்பதை நம் தாய்மார் அறிவர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் காற்றின் அமுக்கம் குறைவு. அதனால் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. பிரஷர் குக்கரில் வைத்தாலோ அமுக்கம் கூடி, பருப்பு விரைவில் வெந்துவிடும். அமுக்கம் மாறினால் பொருளின் நடத்தையும் மாறும் என்பதே இதிலுள்ள பாடம்.

காபனீரொட்சைட்டைக் கொண்டு தாவர எண்ணெய் எடுக்கும் முறையும் இந்தப் பாடத்தின் மேல் எழுந்ததே. சோடாவில் குமிழியாக வருவது இந்த வாயுதான். 31 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், சாதாரண காற்றமுக்கத்தைப் போல் 73 மடங்குக்கும் மேலாக அதனை அமுக்கினால், அது வாயுவும் அல்லாத, திரவமும் அல்லாத ஒரு நிலையை அடைகிறது. அப்போது அது வாயுவைப் போல் இலை, விதைகளின் நுண்துளைகளுக்குள் புகும். திரவத்தைப் போல் எண்ணெயைக் கரைக்கும். பின்னர் அமுக்கத்தைக் குறைத்தால் வாயு பிரிந்துவிடும்; எண்ணெய் தங்கிவிடும். பிரிந்த வாயுவைத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

நீராவியால் வடிக்கும் பழைய முறையில் இஞ்சியின் வாசனை வரும், காரம் வராது. கொதிவெப்பத்தில் சில நறுமணங்கள் கெட்டும் போகும். புதிய முறையில் குறைந்த வெப்பத்திலேயே வாசனையும் காரமும் சேர்ந்து வருகின்றன. இரசாயனக் கரைப்பான்களைப் போல் இது எச்சம் எதையும் விட்டுச் செல்வதில்லை.

இதனைத் தொழிலாக வளர்த்தது கோப்பி. 1960களில் ஜெர்மனியின் மூல்ஹைம் நகரிலுள்ள நிலக்கரி ஆராய்ச்சி நிலையத்தில், கூர்ட் சோசல் என்னும் இரசாயனவியலாளர் இவ்வழியில் கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனை அகற்றலாம் எனக் கண்டார். 1970களின் பிற்பகுதியில் பிரேமன் நகரில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. பின்னர் தேயிலைக்கும் இம்முறை வந்தது. கஃபீன் நீக்கிய தேயிலைக்குத் தனி விலை. பிரித்தெடுக்கும் கஃபீனுக்கு மருந்து, குளிர்பானத் தொழில்களில் வேறொரு விலை. ஒரே இலை இருமுறை விற்கப்படுகிறது. கொழுந்து பறித்தவரின் கூடைக்கு மட்டும் ஒரே கூலிதான்.

அப்படியானால் நமது இளைஞர் மன்றம் இத்தகைய இயந்திரம் ஒன்றை வாங்கலாமா? அவசரப்பட வேண்டாம். மோட்டார் வாகன டயரில் உள்ளதைப் போல் பல பத்து மடங்கு அமுக்கத்தைத் தாங்கும் தடித்த உருக்குக் கலங்களும், பயிற்சி பெற்ற இயக்குநரும், தொடர்ந்து மின்சாரமும் வேண்டும். குக்கரையோ சமையல் வாயுச் சிலிண்டரையோ கொண்டு இதனைச் செய்து பார்ப்பது உயிராபத்து. காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரமானது. மூடிய அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி மூச்சை அடைத்துவிடும்.

நம்மால் ஆகக்கூடியவை வேறு உண்டு. வீட்டுத் தோட்டத்து மிளகையும் கராம்பையும் இஞ்சியையும் மண்படாமல், பூஞ்சணம் பிடிக்காமல் நன்கு உலர்த்திப் பலர் சேர்ந்து விற்கலாம். எந்த முறையில் எண்ணெய் எடுத்தாலும் சரக்கு சுத்தமாயிருந்தால்தான் விலை கிடைக்கும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு, வெட்டப்படும் யூக்கலிப்டஸ் மரங்களின் இலையைச் சிறிய நீராவி வடிகலத்தில் வடிக்கலாம். எல்லா இன இலையிலும் எண்ணெய் ஒரே அளவில் இராது. ஆகவே முதலில் சிறிதளவு வடித்துப் பார்த்து, வாங்குவோரையும் விசாரித்தறிந்த பின்பே பணம் போடுங்கள்.

கோபுரம் கட்டப் புறப்பட்டவரின் உவமையை நாம் அறிவோம். செலவைக் கணக்கிட்ட பின்பே முதற்கல்லை வைப்போம்.