புல்தரையில் எதைத் தெளிக்கிறார்கள்? கேட்பது உங்கள் உரிமை

சிறுசேரி சிப்காட்டைச் சுற்றி எழுந்த வில்லாக்கள், அடுக்குமாடி வளாகங்கள் பலவற்றில் புல்தரை உண்டு. குழந்தைகள் அதில் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். அதே புல்லில் பராமரிப்பு ஆள் ஒட்டுத்தாள் இல்லாத பாட்டிலிலிருந்து மருந்தடித்துவிட்டுப் போனால், அது என்ன மருந்து என்று நாம் கேட்கிறோமா?

அபாயம் என்ன?

மண்புழுவுக்கும் மனிதருக்கும் கொடிய குருணை மருந்தான போரேட், 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. கிளைபோசேட் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கட்டுப்பாடு விதித்தது. அளவுக்கு மீறிப் போடும் யூரியா, மணற்பாங்கான மண்ணில் நிற்காமல் நிலத்தடி நீருக்கும் மழைநீர் வடிகாலுக்கும் இறங்கிவிடும்.

பருவத்துக்கேற்ற பராமரிப்பு

பங்குனி முதல் வைகாசி வரை: புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம். வெட்டிய துணுக்குகள் அங்கேயே மக்கட்டும். 100 சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் விட்டால் 500 லிட்டர் செலவாகும். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் 24 நாளில் தீர்ந்துவிடும். அதனால் தினமும் தெளிப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று முறை விடியற்காலையில் ஆழமாக நனையுங்கள். அருகம்புல் வெயிலில் பழுத்தாலும் மழைக்குத் துளிர்த்துவிடும்.

ஆடி, ஆவணி: மாலை மழையை நம்பி வெற்றிடங்களில் புல் நடலாம். கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். வேப்பம் புண்ணாக்குத் தூள் தூவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: உரம் வேண்டாம், மழை அடித்துக்கொண்டு போய்விடும். நீர் தேங்காமல் வடிய வழி செய்தால் போதும்.

மார்கழி, தை: பனியால் பூஞ்சை வரும், மாலையில் தண்ணீர் விடாதீர்கள். சலித்த மண்புழு உரத்தை மணலோடு கலந்து மெல்லியதாகப் பரப்புங்கள். மக்காத சாணம் களை விதையையும் வேர்ப்புழுவையும் கொண்டுவரும்.

உங்கள் உரிமைகள்

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, உரிமம் பெற்றவர் மட்டுமே பூச்சிமருந்து விற்கலாம். அதுவும் முத்திரையிட்ட கொள்கலனில், ஒட்டுத்தாளோடு. ஒட்டுத்தாளில் உள்ள நிறம் நச்சின் கடுமையைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மூலக் கொள்கலனைக் காட்டச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள்.

பாதிப்பு நேர்ந்தால்

மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். மருந்தின் ஒட்டுத்தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். தடை செய்த மருந்தோ, பிரித்து ஊற்றிய மருந்தோ விற்கப்பட்டால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். காசு வாங்கிய ஒப்பந்ததாரரின் சேவைக் குறைபாட்டுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்; இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம்.

அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலேயே பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த மருந்தானாலும் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், தெளிப்பதற்கு முந்தைய நாளே அறிவிக்க வேண்டும்.