சளி பச்சையாக இருந்தால் ஆண்டிபயாடிக் தேவையா?

பிரிக்பீல்ட்ஸ் ஆகட்டும், கிள்ளான் ஆகட்டும், கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "டாக்டர், சளி பச்சையாக வருகிறது, ஆண்டிபயாடிக் கொடுங்கள்."

அந்தப் பச்சை கிருமியின் நிறமன்று. கிருமியை எதிர்க்கும் நம் வெள்ளை அணுக்களில் மைலோபெராக்சிடேஸ் (பெயர்தான் வாயில் நுழையாது) என்னும் நொதி உண்டு. இரும்பு கலந்த அதன் நிறமே பச்சை. 1941இல் சுவீடனின் ஆக்னர், காசநோயாளிகளின் சீழிலிருந்து இதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். இன்றும் ஆய்வுக்கூடங்களில் மனித வெள்ளை அணுக்களிலிருந்து பிரித்து ஆராய்கிறார்கள்.

சாதாரண வைரஸ் சளியிலும் வெள்ளை அணுக்கள் திரளும், சளி பச்சையாகும். வைரசிடம் ஆண்டிபயாடிக் பலிக்காது. தேவையின்றி உட்கொண்டால், உண்மையாகவே தேவைப்படும் நாளில் கிருமி அம்மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

நிறத்தைவிட, எத்தனை நாளாக இருமல் என்று பாருங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ சளியில் இரத்தம் கண்டாலோ, அரசாங்கக் கிளினிக்கில் காசநோய்ச் சளிப் பரிசோதனை கேளுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.