திரி எரியும் நேரம்

முதலில் ஒரு கேள்வி. தீபாவளிக்கு ஓர் அணுகுண்டு வெடியைப் பற்றவைத்துவிட்டு, ஓடிவந்து காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறீர்கள். நெஞ்சு எப்போது அதிகமாகப் படபடக்கும்? வெடிக்கும்போதா? அல்லது திரி 'புஸ்ஸ்...' என்று எரிந்துகொண்டிருக்கும் அந்த நாலைந்து நொடியிலா?

சிவகாசிப் பிள்ளைகள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். திரி எரியும்போதுதான்! வெடித்து முடித்துவிட்டால் அப்புறம் சிரிப்புதான் வரும்.

இந்த விஷயத்தை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் தமிழ்நாட்டையே பயமுறுத்திய ஓர் எழுத்தாளர் இருந்தார். இந்திரா சௌந்தர்ராஜன் என்று பெயர். விருதுநகரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற மதுரைதான் அவர் வாழ்ந்த ஊர். 'இந்திரா' என்று இருப்பதால் பெண் எழுத்தாளர் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அவர் பெயர் சௌந்தர்ராஜன். இந்திரா என்பது அவருடைய அம்மாவின் பெயர். அம்மாவின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டு எழுதினார். பிறந்தது 1958 நவம்பர் 13, சேலத்தில்.

அவர் எழுதியதைக் கணக்கெடுத்தால் தலை சுற்றும். 700 சிறுகதைகள், 340 நாவல்கள், 105 தொடர்கதைகள் என்று சொல்வார்கள். ஆண்டுக்கு ஏழெட்டு நாவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் இரண்டு பக்கக் கட்டுரை எழுதுவதற்குள் நமக்குக் கை வலிக்கிறது!

அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கும். ஊருக்குப் போகிறவர்கள் ஒன்று வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். இறங்குவதற்குள் படித்து முடித்துவிடுவார்கள். அந்த வரிசையில் இவர் பெயர் மாதாமாதம் இருக்கும். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை வேறு. தொடர்கதையில் ஓர் இடம் வரும். கதவு மெல்லத் திறக்கும், விளக்கு அணையும், பின்னால் யாரோ நிற்பது போலத் தோன்றும். உடனே, 'தொடரும்'! அவ்வளவுதான், ஒரு வாரம் திரி எரிந்துகொண்டே இருக்கும்.

1990-களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் 'மர்மதேசம்' என்ற தொடர் வந்தது. வாரத்துக்கு ஒருநாள் இரவு. அதில் 'விடாது கருப்பு' என்ற பகுதி இவர் எழுதிய 'விட்டுவிடு கருப்பா' கதையிலிருந்து எடுக்கப்பட்டது. நாகா இயக்கினார். கிராமத்தில் தப்பு செய்கிறவர்களைக் கருப்பு வந்து தண்டிக்கிறது என்று ஊரே நம்புகிறது. இரவில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும். அது ஒளிபரப்பாகும் நேரத்தில் எங்கள் தெருவே வெறிச்சோடிவிடும். தொடர் முடிந்த பிறகு கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெரியவர்கள் உட்படத்தான்!

ஏன் அவ்வளவு பயம்? வெளிநாட்டுப் பேய்ப் படத்தில் பாழடைந்த மாளிகையும் சவப்பெட்டியும் வரும். அதெல்லாம் யாருக்கோ நடப்பது. கருப்பசாமி அப்படியா? விருதுநகர் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஊர் எல்லையில் அரிவாளோடும் பெரிய மீசையோடும் நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் மண்குதிரை. அந்த வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறோம்! அமெரிக்காவில் ஸ்டீபன் கிங் என்று ஒரு பிரபலமான திகில் எழுத்தாளர் இருக்கிறார். அவரும் தான் பிறந்த மெய்ன் மாநிலத்துச் சின்ன ஊர்களை வைத்துத்தான் நிறையக் கதைகள் எழுதினார். தெரிந்த தெருவில் வருகிற பேய்க்குத்தான் பலம் அதிகம் போலிருக்கிறது.

ஆனால் இந்திரா சௌந்தர்ராஜன் கதைகளில் பயத்தோடு கூடவே ஒரு கேள்வியும் வரும். 'கோட்டைப்புரத்து வீடு' என்று அவருடைய புகழ்பெற்ற கதை. ஒரு ஜமீன் குடும்பம். அந்த வீட்டு ஆண் வாரிசுகள் முப்பது வயதைத் தாண்டுவதில்லை. எல்லாரும் 'சாபம்' என்கிறார்கள். உண்மையிலேயே சாபம்தானா? அல்லது சாபத்தின் பெயரைச் சொல்லி யாராவது மனிதர்கள் செய்கிற வேலையா? 'விடாது கருப்பு'விலும் இதே கேள்விதான்: தண்டிப்பது சாமியா, ஆசாமியா? விடையை நான் சொல்லமாட்டேன். சொன்னால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்!

எல்லாக் கதையையும் அவர் இப்படி எழுதவில்லை. மறுபிறவி, சித்தர்கள், தெய்வச் செயல் என்று விளக்கமே இல்லாமல் முடிகிற கதைகளும் உண்டு. அவற்றை விரும்பிப் படித்தவர்கள் ஏராளம். எனக்கென்னவோ, கேள்வி கேட்கிற கதைகள்தான் பிடிக்கும். அதற்குக் காரணம் நம் ஊர்தான்.

பயம் என்றால் என்ன என்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எந்தக் கதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. நண்பகலில் ஆலைகள் இருக்கும் திசையிலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். ஊரே தெருவுக்கு வந்துவிடும். எந்த ஆலை, யார் வீட்டு ஆள் என்று தெரியும்வரை யாருக்கும் சோறு இறங்காது. அம்மா ஆலையிலிருந்து வீடு வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சே வரும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பது பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். கதைப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். இதை மூட முடியாது.

அப்போதும் 'விதி', 'அவங்க நேரம்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் வெடிமருந்துக்கு நேரம் காலம் தெரியாது. உராய்ந்தால் தீப்பிடிக்கும். வெயிலில் சூடேறும். ஈரம் பட்ட கலவை தானாகவே சூடாகும். அதனால்தான் மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்கிறார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், 'இந்தக் கணக்கில் எது தவறியது? யார் தவறவிட்டார்கள்?' என்று கேட்டாக வேண்டும். கோட்டைப்புரத்து வீட்டின் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதானே?

இந்திரா சௌந்தர்ராஜனின் 'என் பெயர் ரங்கநாயகி' நாவலுக்குத் தமிழக அரசின் பரிசு கிடைத்தது. சென்னையில் உள்ள பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் தமிழ் மாத நாவல்களை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது, இவருடைய கதையும் அதில் இடம்பெற்றது. பஸ் ஸ்டாண்டுக் கயிற்றில் தொங்கிய கதை இப்படி வெளிநாட்டு வாசகர் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

2024 நவம்பர் 10 அன்று மதுரையில் அவர் காலமானார். மூன்றே நாளில் 66-ஆவது பிறந்தநாள் வர இருந்தது.

'விடாது கருப்பு' பார்த்துப் பயந்த பிள்ளைகள்தான் இப்போது உங்கள் அம்மா அப்பா, சித்தி சித்தப்பா எல்லாரும். இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். "அந்தக் குதிரைச் சத்தம் இருக்கே..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் யார் கருப்பு என்று மட்டும் கேட்காதீர்கள். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு அண்ணன், அக்காக்கள் நூலகத்தில் 'விட்டுவிடு கருப்பா' தேடிப்பிடித்துப் படிக்கலாம். பகலில்!