கடைசிக் கடலை ஏன் கசந்தது?



வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து ஆசை ஆசையாகத் தின்றுகொண்டே வருவீர்கள். கடைசியில் ஒரே ஒரு கடலை மிஞ்சும். அதை வாயில் போட்டால் சொத்தை! அதுவரை தின்ற ருசியெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். இது யாருக்குத்தான் நடக்கவில்லை? அந்தச் சொத்தைக் கடலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். கடலை, எள், பாதாம் போன்றவற்றை மொத்தமாக வாங்கும் வீடுகளுக்கு இது மிகவும் பயன்படும்.

ஏழைகளின் பாதாம்

வேர்க்கடலை பிறந்த இடம் தென் அமெரிக்கா. நம் ஊரில் மணிலாக்கொட்டை என்றும் சொல்கிறோம். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் போனால் 'மல்லாட்டை' என்பார்கள். இந்தச் செடி தரைக்கு மேலே பூக்கும். பிறகு பூவின் அடியிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் புகுந்து காயாகும். விந்தைதானே!

100 கிராம் கடலைப் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. இது பாதாமில் இருப்பதைவிடச் சற்று அதிகம். விலையோ மிகக் குறைவு. அதனால்தான் இதை 'ஏழைகளின் பாதாம்' என்கிறார்கள். கடலையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். காற்று, சூடு, வெளிச்சம் மூன்றும் பட்டால் அந்த எண்ணெய் கெட்டு, சிக்கு வாடை வீசும். ஈரம் பட்டாலோ பூசணம் பிடிக்கும். பூசணம்தான் பெரிய ஆபத்து.

நான் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதத்தில், கிலோவுக்குச் சில ரூபாய் குறைகிறதே என்று 15 கிலோ கடலைப் பருப்பை மூட்டையாக வாங்கினேன். அடுப்படிச் சுவர் ஓரமாகத் தரையில் வைத்தேன். ஐப்பசி அடைமழை வந்தது. தரையின் ஈரம் சாக்கில் ஏறியது. ஒருநாள் மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் இருந்த பருப்பெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது.

"நன்றாக வறுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றேன் நான். என் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "வீணாக்காதீர்கள் டீச்சர், மாட்டுக்காவது போடுகிறேன்" என்று கேட்டார். அவர் வீட்டுப் பசுவைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர்தான் தடுத்தார். "இதில் இருக்கும் நஞ்சு பால் வழியாக உங்களுக்கே திரும்பி வரும்" என்றார். மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தோம்.

வகுப்பில் வகுத்தல் கணக்கு சொல்லிக் கொடுத்த நான், வீட்டில் அந்தக் கணக்கைப் போடவில்லை! எங்கள் வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் என்றால், ஒரு நாளைக்கு 120 கிராம். 15 கிலோ தீர 125 நாள் ஆகும். நான்கு மாதத்துக்கும் மேல்! நடுவில் மழைக்காலம் வேறு.

ஒரு லட்சம் வான்கோழிகள்

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் அடுத்தடுத்து இறந்தன. காரணம் புரியாததால் அதை 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று அழைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில்தான் கோளாறு என்று தெரிந்தது. அதில் வளர்ந்த பூசணம் ஒரு நஞ்சை உண்டாக்கியிருந்தது. அந்த நஞ்சுக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள். இது நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முழுவதும் போகாது.

கசக்கும் கடலை எல்லாம் நஞ்சு அல்ல. ஆனால், எது நஞ்சு என்று நம் நாக்குக்குத் தெரியாது. ஆகவே கசந்தால் விழுங்காதீர்கள். துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள்.

வாங்கும்போது

* முதலில் கணக்குப் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம். நான்கு பேர் வீட்டுக்கு 7 கிலோ பருப்பு போதும்.
* தோலோடு கூடிய காயாக வாங்கினால் அதிக நாள் தாங்கும். 10 கிலோ காயை உடைத்தால் சுமார் 7 கிலோ பருப்பு கிடைக்கும்.
* காயைக் காதருகே குலுக்குங்கள். நன்றாகக் காய்ந்தது கலகல என்று சத்தம் போடும்.
* மூட்டையின் மேலே இருப்பதை மட்டும் பார்க்காமல், உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது அதிகம் இருந்தால் வாங்க வேண்டாம்.

வைக்கும்போது

* வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து ஈரமாகிவிடும்.
* மூட்டையாக இருந்தால் பலகையின் மேல், சுவரில் படாமல் வையுங்கள்.
* ஈரக் கையை உள்ளே விடாதீர்கள்.
* வாங்கிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பழையது தீர்ந்த பிறகே புதியதைக் கொட்டுங்கள்.

எள், முந்திரி, பூசணி விதை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

இன்னும் இரண்டு செய்தி. ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். கடலை தின்றதும் சிலருக்கு உதடு வீங்கும், உடம்பு அரிக்கும், மூச்சுத் திணறும். அது ஒவ்வாமை. உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும். அப்படிப்பட்ட நண்பரை, "ஒன்றே ஒன்று சாப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள்.

சரி, இப்போது எழுந்து போய் உங்கள் வீட்டுக் கடலை டப்பாவைத் திறங்கள். கண்ணால் பாருங்கள், மூக்கால் முகருங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் அம்மாவிடம் கேட்டு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு துண்டு வெல்லமும் இருந்தால் கேட்கவே வேண்டாம்!