இரண்டு டன் இழுவையும் ஒரு சிறு மூலையும்

சி-130 ஹெர்குலிஸ் சரக்கு விமானத்தின் இறக்கை ஒரே துண்டு அல்ல. உடலுக்கு மேலே நடு இறக்கை. அதன் இரு முனைகளிலும் வெளி இறக்கைகள். இவை சேரும் இடத்தில், வரிசையாகக் குழி குடைந்த உலோகத் துண்டுகள் இருக்கின்றன. குழிக்கு ஒரு போல்ட். அந்த வளைவுகளைப் பார்த்து 'வானவில் இணைப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். அதன் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுவை இந்தக் குழிகளையும் போல்ட்டுகளையும் கடந்துதான் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குப் போகிறது. பல ஆண்டுகள் பறந்த விமானங்களில் இந்தத் துண்டுகளில் விரிசல் விடுவது உண்டு. ஆகவே, அவற்றை முறைவைத்துச் சோதிக்கிறார்கள்.

இழுவை தாங்கும் இணைப்பு என்றதும் நம் கண் முதலில் போல்ட்டின் மேல்தான் விழும். போல்ட் தடிமனாக இருந்தால் போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் கதை வேறு என்பது தெரியும்.

மிக எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம்: ஓர் 'எல்' ஆங்கிள். அகலம் 60 மி.மீ., இரு பக்கமும் தடிமன் 10 மி.மீ. ஒரு பக்கம் சுவர் போல நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பிடித்துத்தான் இழுக்கிறோம். மறுபக்கம் பாதம் போல அடித்தளத்தில் படிந்து, நடுவில் ஒரு 12 மி.மீ. போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கிறது. இழுவை 20 கிலோநியூட்டன். ஏறக்குறைய இரண்டு டன் எடை.

தகைவு என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. சுவரின் குறுக்குவெட்டுப் பரப்பு 600 சதுர மி.மீ. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 33 நியூட்டன்தான் விழுகிறது. போல்ட்டின் மரைப் பகுதியில் விசையைத் தாங்கும் பரப்பு 84.3 சதுர மி.மீ.; அங்கே தகைவு 237. தலையில் '8.8' என்று பொறித்த போல்ட் 640 வரை நிரந்தரமாக நீண்டுபோகாமல் நிற்கும். ஆக, சுவருக்கும் ஆபத்தில்லை, போல்ட்டுக்கும் ஆபத்தில்லை.

இப்போது மூலைக்கு வாருங்கள். சுவரின் நடுக்கோட்டிலிருந்து போல்ட்டின் மையம் 25 மி.மீ. தள்ளியிருக்கிறது. சுவர் மேலே இழுக்கிறது. போல்ட் கீழே பிடிக்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லாததால் பாதம் வளைகிறது. 20,000 நியூட்டனை 25 மி.மீ.யால் பெருக்கினால் 5,00,000 நியூட்டன்-மில்லிமீட்டர் திருப்புத்திறன். அதை மூலை மட்டும் சுமந்தால் அங்கே வளைவுத் தகைவு 500. சுவரில் 33, போல்ட்டில் 237, மூலையில் 500! விமானங்களில் பயன்படும் 7075 அலுமினியக் கலவை ஏறத்தாழ இந்த அளவில்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும்.

மூலை மட்டும் சுமக்க வேண்டியதில்லைதான். பாதத்தின் நுனி அடித்தளத்தை அழுத்தி உதவிக்கு வரும். ஆனால் அந்த உதவி சும்மா கிடைக்காது. கடப்பாரையால் கல்லை நெம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். நுனி அழுத்த அழுத்த, அந்த அழுத்தமும் சேர்ந்து போல்ட்டை இழுக்கும். போல்ட்டிலிருந்து நுனி 20 மி.மீ. தூரத்தில் இருந்து, வளைவில் பாதியை அது ஏற்றால், நுனியில் 12.5 கிலோநியூட்டன் அழுத்தம் எழும். மூலையின் தகைவு 250 ஆகக் குறையும்; போல்ட்டின் சுமையோ 20-லிருந்து 32.5 ஆக ஏறிவிடும். பாரத்தை மூலை சுமக்க வேண்டும், இல்லையேல் போல்ட் சுமக்க வேண்டும். இந்த நெம்புவிசையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் இத்தகைய இணைப்புகளில் மிகப் பெரிய தவறு என்பேன்.

போல்ட்டை நன்றாக முடுக்குவதன் அருமையும் இங்கேதான் புரியும். முடுக்கும்போதே போல்ட் ரப்பர் போலச் சற்று நீண்டு, தகடுகளை இறுக்கிப் பிடிக்கிறது. இந்த 12 மி.மீ. போல்ட்டில் சுமார் 37 கிலோநியூட்டன் முன்னிழுவை ஏற்றலாம். அதற்குப் பிறகு வரும் வெளிச்சுமையின் பெரும்பகுதி தகடுகளின் இறுக்கத்தைத் தளர்த்துவதிலேயே செலவாகும். தகடுகள் போல்ட்டைப் போல நான்கு மடங்கு விறைப்பானவை என்றால், 32.5-ல் ஐந்தில் ஒரு பங்கான 6.5 மட்டுமே போல்ட்டில் கூடும். ஏறி இறங்கும் சுமை குறைந்தால் உலோகம் களைத்துப்போவதும் தள்ளிப்போகும். லூசான போல்ட்டோ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழுச் சுமையையும் வாங்கும். ஆனால் போல்ட்டை முடுக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவையாக மாறுகிறது; மீதி தலையடியிலும் மரையிலும் உராய்வுக்கே போய்விடுகிறது. ஆகவே மரையில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பதே கணக்கை மாற்றிவிடும்.

விமான விதிகள் இன்னும் கறாரானவை. எதிர்பார்க்கும் உச்சச் சுமையை 1.5-ஆல் பெருக்கச் சொல்கின்றன. சோதித்து நிரூபிக்காத இணைப்பு என்றால் மேலும் 1.15-ஆல். நம் 20 கிலோநியூட்டன் 34.5 ஆகிவிடும்; நுனியின் உதவியை நம்பாவிட்டால் மூலையின் 500 என்பது 862 ஆகும். 7075 அதைத் தாங்காது.

தீர்வு பெரிய போல்ட் அல்ல. பாதத்தின் தடிமனை 10-லிருந்து 16 மி.மீ. ஆக்கினால் 500 என்பது 195 ஆகிறது; தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பத் தகைவு இறங்கும். சுவரை ஒரு பக்கம் மட்டும் வைக்காமல் மூன்று பக்கமும் எழுப்பினால் பாதம் தொட்டியின் அடிபோல ஆகி, வளைவதற்கே இடம் குறைகிறது. வானவில் இணைப்பின் குழிகள் செய்வது இதைத்தான். உள்மூலையைக் கூராக விடாமல் உருட்டிவிடுவதும் கட்டாயம். கூர்மூலையில் தகைவு குவிந்து விரிசலுக்கு வழி விடும்.

வீட்டிலோ பட்டறையிலோ ஆங்கிள் வைத்துப் பாரம் தொங்கவிடும்போது ஒன்று செய்யுங்கள். வாஷர் உள்மூலையின் உருட்டலில் ஏறாமல், ஸ்பானர் நுழைய இடம் விட்டு, முடிந்த அளவு மூலைக்கு அருகில் துளை போடச் சொல்லுங்கள். 25 மி.மீ. 22 ஆனாலே, 500 என்பது 440 ஆகிவிடும்.